தொட்டாற்சிணுங்கி விளக்கு: மாணவர்கள் செய்துபார்க்க ஓர் அறிமுகம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. 2007-இல் ஊரின் பெயரை மாற்றினாலும் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். திடலுக்கு அந்தப் பக்கம் செம்பனை, இந்தப் பக்கம் வீடுகள். ஓரமெல்லாம் தொட்டாற்சிணுங்கி படர்ந்து கிடக்கும். பந்து விளையாட வரும் பிள்ளைகள், ஆள் சேரும்வரை அங்கே குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். முள் குத்தும், தெரியும். இலை மூடும், அதுவும் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற செடிதான். இருந்தாலும் கை தானாகப் போகிறது.

அந்தச் செடியைப் போல ஒரு விளக்கு செய்ய முடியுமா? பார்த்தவுடன் தொடத் தோன்ற வேண்டும், தொட்டால் ஏதாவது நடக்க வேண்டும், நடந்ததைப் பார்த்து மறுபடியும் தொடத் தோன்ற வேண்டும். சனிக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளோடு நான் செய்துபார்ப்பது இதைத்தான். பள்ளியில் ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்குச் செயல்திட்டம் செய்யப் போகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய நினைக்கும் பெற்றோருக்கும் இந்த அறிமுகம் உதவும். மின்னியல் எதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை.

சுவரில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது. இதிலும் நாம் ஒன்று செய்கிறோம், விளக்கு ஒன்று செய்கிறது. ஆனால் சுவிட்சு ஒரு மூலையில், விளக்கு கூரையில். கைக்கும் வெளிச்சத்துக்கும் உறவே இல்லை. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அதே வெளிச்சம்தான். வீட்டுக் குத்துவிளக்கு அப்படியில்லை. திரியைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் சுடர் நிமிரும், பின்னே இழுத்தால் அடங்கும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு. அதற்கென்றே ஒரு குச்சியை வைத்து, தூண்டுகோல் என்று பெயரும் வைத்தார்கள் நம்மவர்கள். ‘சுடர் விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும்’ என்ற பழமொழியைப் படிப்புக்கும் ஊக்கத்துக்கும் சொல்லிச் சொல்லி, அது விளக்கைப் பற்றியது என்பதையே மறந்துவிட்டோம்.

தமிழ்ப்பள்ளி அறிவியலில் தூண்டல், துலங்கல் என்று படித்திருப்பீர்கள். தொடுவது தூண்டல், இலை மூடுவது துலங்கல். நாம் செய்யப்போகும் விளக்குக்கும் இந்த இரண்டு சொற்கள் போதும். நடுவில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தத் தூண்டலுக்கு எந்தத் துலங்கல் என்று முடிவு செய்யும் விதி. தொட்டவுடன் எரியட்டும் என்பது ஒரு விதி. மூன்று தடவை தட்டினால் நிறம் மாறட்டும், யாரும் தொடாமல் ஐந்து நிமிடம் போனால் மெல்ல மங்கட்டும் என்பவையும் விதிகளே. ஒயர், பேட்டரி, சில்லு (சிப்) எல்லாம் இந்த விதியை நிறைவேற்ற வந்த வேலையாட்கள்.

என் ஆயா, அதாவது பாட்டி, ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் கிளம்புவார். குளிர்ச்சியான நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். கத்தி ஒரு கையில், வாளி ஒரு கையில். விளக்கு நெற்றியில். தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் திரும்பும், குனிந்தால் வெட்டுக்காயத்தில் விழும், நிமிர்ந்தால் அடுத்த மரத்துக்கு வழி காட்டும். சுவிட்சைத் தேட வேண்டாம், கையை எடுக்க வேண்டாம். உடம்பு என்ன செய்கிறதோ அதற்குப் பதில் சொல்லும் விளக்கு எங்கள் தோட்டத்தில் அப்போதே இருந்திருக்கிறது. வகுப்பில் முதல் நாள் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மின்னணுப் பொருள் இல்லாமலே இதைச் சாதித்த விளக்குகள் உலகில் உண்டு. இத்தாலியில் விக்கோ மாஜிஸ்திரெத்தி 1965-இல் வடிவமைத்த ‘எக்லிஸ்ஸே’ என்ற சிறிய மேசை விளக்கில், பல்பைச் சுற்றி இன்னொரு கிண்ணம் சுழலும். அதைத் திருப்பினால் கிரகணம் பிடிப்பதுபோல வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். பெயருக்குப் பொருளே கிரகணம்தான். ஜெர்மானியரான இங்கோ மவுரர் 1997-இல் செய்த ‘செட்டெல்ஸ் 5’ என்ற விளக்கில் பல்பைச் சுற்றிக் கம்பிகளும் கிளிப்புகளும் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் மாட்டும் தாள்கள் சிலவற்றில் ஏதும் எழுதியிருக்காது, வாங்கியவர் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு பாதி, ஆள் பாதி. பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சொன்னால் ‘சில்லு இல்லாவிட்டால் செயல்திட்டமே இல்லை’ என்ற பயம் போய்விடுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலானவர்கள் இணையத்தில் சர்க்யூட் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு தாளில் கை செய்யும் வேலைகளை எழுதச் சொல்வேன். அழுத்து, தள்ளு, ஊது, மூடு, கவிழ், ஆட்டு, தடவு, இழு, சுழற்று, தட்டிக்கொடு. இருபது வந்ததும் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம், அந்த அசைவுக்கு வெளிச்சம் என்ன செய்தால் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். ஊதினால் அணைவது எல்லாருக்கும் தோன்றும், மெழுகுவர்த்தியில் பார்த்தது. ஊதினால் எரிவது? அதுவும் நியாயம்தான், விறகடுப்பை ஊதித்தானே எரியவைப்போம். அசைவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் மனம் ஏற்றுக்கொள்கிற ஒரு காரணம் இருந்தால், விளக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் எதையும் வாங்க வேண்டாம். ஒருவர் விளக்காக நடிக்கட்டும்: கையில் டார்ச், அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. இன்னொருவர் அந்தத் துணியைத் தொடட்டும், தட்டட்டும், தாலாட்டட்டும். விளக்காக நடிப்பவர் விதியை மனத்தில் வைத்துக்கொண்டு டார்ச்சை ஏற்றி இறக்கட்டும். பத்து நிமிடம் நடித்தால், எந்த விதி அலுக்கிறது, எது மறுபடியும் கேட்கிறது என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பிள்ளைகள் அதிகம் தவிர்க்கப் பார்க்கிறார்கள், வெட்கம். நான் விடுவதில்லை.

படிவம் 2 மாணவி ஒருத்தி ‘ஆட்டு’ என்ற சொல்லை எடுத்தாள். வீட்டில் கைக்குழந்தை, சாரோங் தூளியில் தூங்கவைப்பது அவள் வேலை. அவள் செய்த விளக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கால்வாசி அதில் இருக்கிறது.

அரைச் சிரட்டை ஒன்று. அடிப்பகுதி உருண்டை என்பதால் மேசையில் வைத்துத் தொட்டால் தானாக ஆடும். உள்ளே அடியில் மூன்று சிறிய பேட்டரிகள். அந்தப் பாரம் கீழே இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். சிரட்டையின் வாயை மூடி ஒரு காகிதக் கூம்பு, அதற்குள் வெள்ளை எல்.இ.டி. ஒன்று. நடுவில் சாய்வு சுவிட்சு: சிறு குழாய்க்குள் ஓர் உலோக உருண்டை, ஒரு பக்கம் சாய்ந்தால் உருண்டு போய் இரண்டு கம்பிகளை இணைக்கும், மறு பக்கம் சாய்ந்தால் விலகும். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஒரு பேட்டரி 1.5 வோல்ட், மூன்றும் சேர்ந்து 4.5. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் போதும். மீதி 1.5 வோல்ட்டை யாராவது தாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் மின்தடை. 15 மில்லியாம்பியர் ஓடினால் நல்ல வெளிச்சம் கிடைக்கும். 1.5-ஐ 0.015-ஆல் வகுத்தால் 100. ஆக 100 ஓம் மின்தடை. கடையில் பழுப்பு, கருப்பு, பழுப்பு என்று வண்ணக் கோடு போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவில் போதும் என்பதால் மீதி அதிகம், மின்தடையும் அதிகம் வேண்டும். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனை. திருப்பி மாட்டினால் எரியாது, அவ்வளவே. ஆனால் மின்தடை இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டினால் ஒரு மின்னல், ஒரு கருகல் வாடை, அத்தோடு அது போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் மண்டபத்தில் ஒருவராவது இதைச் செய்வார். ஒரு தடவை பார்த்தவர்கள் மின்தடையை மறப்பதில்லை.

அந்த மாணவியின் விளக்கு முதல் வாரம் ஆடும்போதெல்லாம் டக் டக்கென்று எரிந்து அணைந்தது. ‘டீச்சர், இது தூளி மாதிரி இல்ல, கெட்டுப்போன சைன்போர்டு மாதிரி இருக்கு’ என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அவளுக்கு வேண்டியது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் வெளிச்சம். அதற்கு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தோம். தண்ணீர் தடைபடும் நாளுக்குச் சிலாங்கூரில் எல்லாரும் தொட்டியில் பிடித்து வைப்போம் இல்லையா, அது மாதிரி. சுவிட்சு இணைந்திருக்கும் நேரத்தில் மின்தேக்கி நிறையும், விலகியதும் தன்னிடம் உள்ளதை எல்.இ.டி.க்கு விடும். எல்.இ.டி., மின்தடை இரண்டும் சேர்ந்த ஜோடிக்குப் பக்கவாட்டில், 4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கி. சிறியதைப் போட்டால் வித்தியாசமே தெரியாது, பெரியது வேண்டும். அதன் உடம்பில் கழித்தல் குறி போட்ட பக்கம் பேட்டரியின் எதிர்முனைக்குப் போக வேண்டும். திருப்பி மாட்டினால் வீங்கி வெடிக்கலாம், ஆகவே இரண்டு பேர் சரிபார்த்த பிறகே பேட்டரி போட வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி.

மாட்டினோம். மேசையில் வைத்து ஒரு விரலால் தட்டினாள். சிரட்டை சாய்ந்தது, வெளிச்சம் வந்தது. நிமிர்ந்தது, வெளிச்சம் உடனே போகாமல் கொஞ்சம் தயங்கி இறங்கியது. மறுபடி சாய்ந்தது, மறுபடி ஏறியது. ஆட்டம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் சாய்வு போதாமல் நின்றது. வெளிச்சமும் தணிந்து முடிந்தது. மண்டபத்தில் யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ‘தூங்கிருச்சு’ என்றான். அன்றிலிருந்து அதற்குப் பெயர் தூங்கும் விளக்கு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தொட்டாற்சிணுங்கியிடமும் அது உண்டு. இலை மூடுவது ஒரு நொடி, திறக்கச் சில நிமிடங்கள். பதில் உடனே வருகிறது, பழைய நிலைக்குத் திரும்புவது மெதுவாக நடக்கிறது. அந்த மெதுவான நேரத்தில்தான் ‘இதற்குள் ஏதோ உயிர் இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றுகிறது. உங்கள் விளக்குக்கும் இதே அளவுகோல்: தொட்டதிலிருந்து பத்தில் ஒரு நொடிக்குள் முதல் துலங்கல் தெரிய வேண்டும். அதற்குள் வந்தால் ‘நான்தான் செய்தேன்’ என்று கைக்குத் தெரியும். நேரம் கூடக் கூட அந்த உணர்வு நழுவும். ஒரு நொடி தாண்டினால், விளக்கு கெட்டுவிட்டதோ என்று இன்னும் இரண்டு தடவை அழுத்துவார்கள். திரும்பிப் போவது எவ்வளவு தாமதமானாலும் பொறுத்துக்கொள்வார்கள், ரசிக்கவும் செய்வார்கள்.

விதி சிக்கலாகும்போது மின்தேக்கி போதாது. அப்போதுதான் மைக்ரோபிட், ஆர்டுயினோ போன்ற சிறு கணினிப் பலகைகள் வருகின்றன. ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், வடிவமைப்பு மாணவர்கள் எளிதாகப் பயன்படுத்த உருவானது. மைக்ரோபிட் பிரிட்டனில் 2016-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. முதல் தடவை செய்பவர்களுக்கு நான் மைக்ரோபிட்டையே சொல்வேன். திரையில் கட்டங்களைக் கோத்து நிரல் எழுதலாம், அசைவையும் சாய்வையும் உணரும் உறுப்பு பலகையிலேயே இருக்கிறது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தொடுவதையும் சத்தத்தையும் உணரும் வசதி உண்டு. கைதட்டினால் விழிக்கும் விளக்குக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

நிரலில் வெளிச்சத்தை 0 முதல் 1023 வரை எண்ணால் சொல்வோம். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. மெல்ல ஏறட்டும் என்று 100, 200, 300 எனக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஓடவிட்டால் முதலில் சட்டென்று வெளிச்சம் வந்து, பிறகு ஏறுவதே தெரியாது. நம் கண் அப்படி. இருட்டில் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும், வெளிச்சத்தில் பெரிய மாற்றமும் சிறிதாகத் தெரியும். அதனால் கூட்டாமல் பெருக்குங்கள்: 1, 2, 4, 8, 16 என்று 512 வரை போய் 1023. விடியற்காலை வெளிச்சம் வருவதுபோல இருக்கும்.

ஒளியுணரி பற்றியும் ஒரு வரி. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.டி.ஆர். என்று கேட்டால் தருவார்கள், மலிவான சாமான். வெளிச்சம் பட்டால் அதன் தடை குறையும், இருட்டினால் ஏறும். விளக்கின் மேல் கையை வைத்து மூடினால் உள்ளே எரியட்டும், எடுத்தால் அணையட்டும் என்பது போன்ற விதிக்கு இது ஒன்றே போதும். ஆனால் விளக்கின் சொந்த வெளிச்சம் அதன் மேல் படாமல் ஒரு கறுப்புக் காகிதக் குழாய்க்குள் வையுங்கள். இல்லாவிட்டால் விளக்கு தன்னைத்தானே பார்த்துக் குழம்பி மினுக்கிக்கொண்டே இருக்கும்.

உறைக்கு என்ன? டிரேசிங் தாள், வெள்ளைப் பால் போத்தல், பழைய பாத்தேக் துணி, செம்பனை ஈர்க்கில் பின்னிய கூடு என்று கையில் கிடைத்தது எதுவும். எல்.இ.டி.யை உறையோடு ஒட்டி வைத்தால் கண்ணைக் குத்தும் புள்ளியாகத் தெரியும். ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வெளிச்சம் பரவி உறை முழுதும் ஒளிரும். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி ஒரு பையன் கொண்டுவந்தான். வெளிச்சத்தில் தேன் நிறத்தில் அவ்வளவு அழகு. வாடைதான் கொஞ்சம் அதிகம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சுவர்ப் பிளக்கில் வருவது 230 வோல்ட், மாணவர் செயல்திட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. பேட்டரி அல்லது பவர் பேங்க் மட்டும். நாணய வடிவ லித்தியம் பேட்டரியைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பயன்படுத்தாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தூங்கும் விளக்கில் சாதாரண பேட்டரி போட்டு, திருகாணியால் மூடியதற்கு அதுதான் காரணம்.

செய்து முடித்ததும் ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். ‘அங்கே தொடு பாப்பா’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் சோதனை கெட்டது. கை முதலில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தொடும் இடம் வைத்திருப்பீர்கள், பிள்ளை உச்சியில் தட்டும். அப்படியென்றால் தொடும் இடத்தை உச்சிக்கு மாற்றுங்கள், பிள்ளையை மாற்றப் பார்க்காதீர்கள். தூங்கும் விளக்கை ஓர் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்து ஆட்டியது. அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் சிரட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினாள் அந்த மாணவி.

ஒரு விளக்கு செய்துவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கோலசிலாங்கூர் போகும் வழியில் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் இரவில் மின்மினிகள் கூடும். படகில் இருட்டில் போனால், மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்கலாம். பெண் பூச்சிகளை அழைக்க ஆண் பூச்சிகள் சேர்ந்து மின்னுகின்றன. தலைவன் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு தாளம் வைத்திருக்கிறது, பக்கத்தில் மின்னுவதைப் பார்த்துத் தன் தாளத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. இப்படிப்பட்ட எளிய விதியே ஏறக்குறைய எப்போதும் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துவிடும் என்று 1990-இல் ரெனாட்டோ மிரோலோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் நிரூபித்தார்கள். எல்லாம் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பவை அவர்கள் வைத்த நிபந்தனைகளில் சில.

அதை மைக்ரோபிட்டில் எழுதுவது சுலபம். எண்ணிக்கை 0-இலிருந்து 100 வரை ஏறட்டும். 100 ஆனதும் ஒரு மின்னல், மறுபடி 0. ஒளியுணரி வேறொரு மின்னலைக் கண்டால் எண்ணிக்கையைச் சற்று முன்னே தள்ளு.

போன பள்ளி விடுமுறையில் ஐந்து விளக்குகளை மண்டபத்தின் தரையில் வட்டமாக வைத்து, ஜன்னல்களை மூடினோம். முதலில் ஆளுக்கொரு பக்கம் மின்னின. கொஞ்ச நேரத்தில் இரண்டு சேர்ந்தன, பிறகு மூன்று, பிறகு நான்கு. ஐந்தாவது மட்டும் தன் போக்கிலேயே போனது. நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தோம், தப்பில்லை. பேட்டரியை மாற்றினோம். கடைசியில் ஒரு பையன் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துவிட்டு, அந்த விளக்கை எடுத்துத் திருப்பி வைத்தான். அதன் ஒளியுணரி அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.